லேபிள் வரைய 18,000 ரூபாய் கேட்கிறார்: கொடுக்கலாமா?

வடசென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் குடும்பமாகச் சேர்ந்து கருவாட்டுத் தொக்கும் இறால் தொக்கும் நெத்திலி ஊறுகாயும் செய்து விற்கிறீர்கள். இதுவரை வெள்ளைத் தாளில் கையால் எழுதி ஒட்டிய பாட்டில்களுக்கு இப்போது முறையான லேபிளும் ஒரு லோகோவும் வேண்டும். வியாசர்பாடியிலிருந்து தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஒரு தம்பி, லோகோ, மூன்று லேபிள்கள், வாட்ஸ்அப்பில் போடுவதற்குப் பத்து விளம்பரப் படங்கள் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார். பாரிமுனையில் உள்ள ஓர் அச்சகமோ, பிரிண்டிங்கை எங்களிடம் கொடுத்தால் டிசைன் இலவசம் என்கிறது. யாரிடம் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, நாமும் ஏமாறாமல் அந்தத் தம்பியையும் ஏமாற்றாமல் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிப் பகுதியையும் சேர்த்துக் கேட்டிருப்பதால்தான் இவ்வளவு விரிவாகப் பதில் எழுதத் தோன்றியது.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துப் பக்கம் அமைக்கும் டி.டி.பி. ஆளாகச் சேர்ந்தவன், பிறகு பல ஆண்டுகள் தனியாக டிசைன் வேலை செய்தேன், இப்போது சிறு வியாபாரிகளிடம் வேலையைப் பொறுப்பாக வாங்கி, வெளியில் உள்ள டிசைனர்களிடம் பிரித்துக் கொடுக்கிறேன். அதனால் கூலி வாங்கும் பக்கத்திலும் கூலி கொடுக்கும் பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: 18,000 ரூபாய் நியாயமான தொகை, அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அந்தத் தொகைக்கு எது எது வேலை, எது வேலையில்லை என்பதை இருவரும் எழுதி வைத்துக்கொள்ளாமல் ஒரு ரூபாய்கூட கைமாறக் கூடாது.

நம் பக்கத்தில் டிசைன் வேலை பெரும்பாலும் ஒரே வார்த்தையில் முடிவாகிவிடுகிறது. எவ்வளவுப்பா என்று கேட்டால், "பார்த்துக் குடுங்கண்ணா" என்பார் டிசைனர். முகதாட்சண்யம், புது வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம், தன் வேலைக்குத் தானே விலை சொல்லக் கூச்சம் என்று எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. கேட்பவரும் "அதெல்லாம் பார்த்துச் செய்யலாம்ப்பா, நீ முதல்ல போடு" என்று சொல்லிவிடுவார். அப்போது டிசைனர் மனத்தில் 15,000 இருக்கும், கடைக்காரர் மனத்தில் 3,000 இருக்கும். இருவரும் நல்லவர்களாகவே இருந்தாலும் வேலை முடியும் நாளில் சண்டை உறுதி. நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை பணத்தாசையால் வந்தவை அல்ல. ஆரம்பத்தில் யாரும் வாயைத் திறந்து பேசாததால் வந்தவை. உங்கள் தம்பி அப்படிச் சொல்லாமல் ஒரு தொகையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கொடுக்கலாம் என்று நான் நினைப்பதற்கு அதுவே முதல் காரணம்.

அந்த 18,000 எப்படி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோகோவுக்கு, உங்களிடம் பேசிப் புரிந்துகொள்வது, கையால் வரைந்து பார்ப்பது, இரண்டு மூன்று வழிகளில் செய்து காட்டுவது, திருத்துவது எல்லாம் சேர்த்து மூன்றரை நாள் ஆகும். முதல் லேபிளுக்கு இரண்டு நாள். அதே அமைப்பில் மற்ற இரண்டுக்கும் அரை அரை நாளாக ஒரு நாள். வாட்ஸ்அப் படங்கள் பத்துக்கும் ஒன்றரை நாள். அச்சகத்துக்கு ஏற்றபடி ஃபைலைத் தயார் செய்து, நேரில் போய் முதல் தாளைப் பார்த்துச் சரிசொல்ல ஒரு நாள். மொத்தம் ஒன்பது நாள், அதாவது நாளொன்றுக்கு 2,000 ரூபாய். கேட்க நல்ல கூலியாகத்தான் தெரிகிறது. ஆனால் தனியாக வேலை செய்பவருக்கு மாதத்தின் எல்லா நாளும் கூலி நாள் அல்ல. வேலை தேடி அலைவது, பேசப் போன இடத்தில் காத்திருப்பது, நின்றுபோன வேலைகள், பாக்கி வசூல், புதிதாகக் கற்றுக்கொள்வது என்று பாதி மாதம் போய்விடும். 13 நாள் கூலி கிடைத்தால் 26,000 ரூபாய். அதில் இணையம், மென்பொருள் சந்தா, மின்சாரம், போக்குவரத்து, நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டிய கம்ப்யூட்டருக்கு எடுத்து வைப்பது என்று 6,000 கழித்தால் கையில் நிற்பது 20,000. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, தீபாவளி போனஸ் இல்லை, காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானமே இல்லை. இது என் கைக்கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எந்த டிசைனர் சொல்லும் தொகையையும் இப்படி நாள்களாகப் பிரித்துப் பார்த்தால், அது கொள்ளையா கூலியா என்பது தெரிந்துவிடும்.

உங்களிடம் அவ்வளவு பணம் இல்லையென்றால் என்ன செய்வது? இதில் ஒரே ஒரு வழியைத்தான் நான் நேர்மையானது என்பேன்: கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் படங்கள் பத்தும் இப்போது வேண்டாம் என்று சொன்னால் 3,000 குறையும். மூன்று தனி லேபிளுக்குப் பதிலாக, பெயரும் நிறமும் மட்டும் மாறக்கூடிய ஒரே அமைப்பாகப் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். எல்லாம் அப்படியே வேண்டும், ஆனால் 10,000தான் தருவேன் என்றால், அவர் தேவைக்காக ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டு, வேறு யாருக்கோ போட்ட பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். குறைந்த கூலிக்கு அவரிடம் மிச்சமிருக்கும் வழி அது ஒன்றுதான் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அச்சகத்தின் இலவச டிசைன் பற்றிக் கேட்டீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் டிசைனரும் சம்பளம் வாங்குபவர்தான். அந்தச் சம்பளம் உங்கள் பிரிண்டிங் விலைக்குள் ஏறியிருக்கும். கோயில் திருவிழா பிட் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ் போன்றவற்றுக்கு அந்த ஏற்பாடு தாராளமாகப் போதும்; நானே அப்படித்தான் அனுப்பிவைக்கிறேன். ஆனால் பல ஆண்டுகள் உங்கள் பாட்டிலில் இருக்கப்போகும் பெயருக்கும் லோகோவுக்கும் அது போதாது. அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய நெருக்கடியில் அவர் இருப்பார், உங்கள் பொருளை ருசித்துக்கூடப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. அதைவிட முக்கியமாக, திருத்தக்கூடிய மூல ஃபைல் அச்சகத்திலேயே தங்கிவிடும். நாளை வேறு இடத்தில் அடிக்க நினைத்தால் கேட்டுக்கொண்டு அங்கேயே போய் நிற்க வேண்டும்.

இனி ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. செல்போன் திரையில் எல்லா டிசைனும் பளபளப்பாகத்தான் இருக்கும். அவர் செய்து அச்சாகி வந்த பொருள் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள்: ஒரு டப்பா, ஒரு கவர், ஒரு ஸ்டிக்கர். சின்ன எழுத்து படிக்க முடிகிறதா, நிறம் அழுக்காகத் தெரிகிறதா, ஓரம் வெட்டும்போது எழுத்து தப்பித்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். ஏன் இந்த நிறம், ஏன் இந்தப் பக்கம் பெயர் என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தவர் உங்கள் வேலையையும் யோசித்துச் செய்வார்.

தமிழ் எழுத்து தெரிந்தவரா என்பதற்கு உங்கள் பொருளின் பெயரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. "தொக்கு" என்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்களின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்தால், தகரத்துக்கு முன்னால் வரவேண்டிய ஒற்றைக்கொம்பு இடம்மாறிப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், ககரத்தின் மேலிருக்க வேண்டிய புள்ளி தனியாக ஒரு வட்டத்தில் தொங்கும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்த பிறகும், நம் அச்சகங்கள் பலவற்றில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களே புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தை அதில் அப்படியே ஒட்டினால் எழுத்தெல்லாம் உருமாறிவிடும், பிறகு அவர் மறுபடி அடிக்க வேண்டும், அடிக்கும்போது பிழை நுழையும். இந்தச் சிக்கலெல்லாம் தெரிந்து, எந்த எழுத்துருவில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். 1850இல் தொடங்கி இப்போது எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் காட்சித் தகவல் வடிவமைப்புப் படித்தவர்களும் இருக்கிறார்கள், அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றவர்களும் இருக்கிறார்கள். பட்டத்தைவிடக் கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள்.

ஆனால் சோதனை என்ற பெயரில் "ஒரு சாம்பிள் போட்டுக் காட்டு, பிடிச்சா உனக்கே தர்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று பேரிடம் இலவசமாக வரைந்து வாங்கி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, மூன்று தச்சரிடம் ஆளுக்கொரு நாற்காலி செய்யச் சொல்லி ஒருவருக்கு மட்டும் பணம் கொடுப்பதற்குச் சமம். சந்தேகம் இருந்தால், நெத்திலி ஊறுகாய்க்கு ஒரு வாட்ஸ்அப் படம் மட்டும் முதலில் செய்யச் சொல்லி, அதற்குரிய பணத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. நியாயமான கூலியில் இதுவும் ஒரு பங்கு என்றே நான் கருதுகிறேன். லேபிளில் வரவேண்டிய வாசகம் முழுவதையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்: பொருளின் பெயர், சேர்மானப் பொருள்கள் எடை வரிசைப்படி, ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, பேட்ச் எண், தயாரித்த நாள், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள், உங்கள் பெயரும் முகவரியும், வாடிக்கையாளர் தொடர்புக்கான எண், மீனும் இறாலும் ஒவ்வாமை தரக்கூடியவை என்ற அறிவிப்பு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகத்தான் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அசைவக் குறியும் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளில் மாறிவிட்டது: பழுப்புச் சதுரத்துக்குள் இருந்த பழுப்பு வட்டம் இப்போது பழுப்பு முக்கோணம். பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டுபவர்கள் இன்றும் வட்டத்தையே போட்டுவிடுகிறார்கள்.

அந்த 14 இலக்க எண்ணை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பொறுப்பெடுத்த ஒரு மசாலாப் பொடி வேலையில் 3,000 கவர்கள் அடித்து, பண்டல் பிரித்து, மேசையில் பரப்பிய பிறகு, கடைக்கார அம்மாவின் பள்ளிக்கூடத்துப் பையன் ஒரு கவரை எடுத்து விரல்விட்டு எண்ணி, "பதிமூணுதான் இருக்கு" என்றான். நடுவில் அடுத்தடுத்து வந்த இரண்டு பூஜ்யங்களில் ஒன்று விடுபட்டிருந்தது. அந்த அம்மா எண்ணைத் தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார், டிசைனர் காதில் விழுந்தபடி அடித்திருந்தார், அச்சுக்கு முன் சரிபார்க்க எடுக்கும் புரூஃபில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. நஷ்டத்தில் பாதியை நான் ஏற்றேன், மீதியை அவர் ஏற்றார். டிசைனரிடம் ஒரு பைசா பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு என் வேலை எல்லாவற்றிலும் ஒரே நடைமுறை: வாசகத்தை வாடிக்கையாளர் எழுத்தில் தரவேண்டும், கடைசி புரூஃபைக் காகிதத்தில் எடுத்து அவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் அச்சடிப்பதற்கான பிளேட் எடுப்பது. கையெழுத்துப் போட்ட புரூஃபில் இருந்த பிழைக்கு டிசைனர் பொறுப்பல்ல. கையெழுத்துக்குப் பிறகு அவர் ஃபைலில் ஏதாவது மாறியிருந்தால் அதற்கு அவர்தான் பொறுப்பு.

அளவையும் நீங்களே பாட்டிலை வைத்து எடுத்துக் கொடுங்கள். பாட்டிலின் குறுக்களவு 6.5 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 20.4, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவதற்கு ஒரு சென்டிமீட்டர் விட்டால் லேபிளின் நீளம் 21.4. இதற்கு மேல் வெட்டுவதற்கு நாலா பக்கமும் 3 மில்லிமீட்டர் விடுவதை அவரே பார்த்துக்கொள்வார். தொக்கு என்பதால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் வழியும்; சாதாரணக் காகித லேபிள் ஒரு வாரத்தில் எண்ணெய் குடித்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும். லேமினேஷன் போட்ட ஸ்டிக்கரா, பிளாஸ்டிக் ஸ்டிக்கரா என்பதை டிசைன் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நிறம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி விழும்.

இப்போது எழுத்து ஒப்பந்தம். வக்கீல் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். என்னென்ன செய்து தரப்படும், எந்தத் தேதிக்குள், எந்த வடிவ ஃபைல்கள், எத்தனை முறை திருத்தம், தொகை எவ்வளவு, எப்போது எவ்வளவு, வேலை நடுவில் நின்றால் என்ன என்பவை அதில் இருந்தால் போதும். இவற்றில் திருத்தம் என்ற இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். இறால் படம் பெரிதாக வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்து அவர் சிறிதாகப் போட்டிருந்தால், அதைச் சரிசெய்வது திருத்தம். அதற்குத் தனிக் காசு கிடையாது. இறால் படமே வேண்டாம், படகுப் படம் வையுங்கள் என்று நீங்கள் மனத்தை மாற்றிக்கொண்டால் அது புது வேலை. அதற்குக் கூலி உண்டு. இரண்டு சுற்றுத் திருத்தம் தொகைக்குள் அடங்கும், அதற்குமேல் ஒவ்வொரு சுற்றுக்கும் அரை நாள் கூலி என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் ஐந்து பேரும் ஐந்து விதமாகக் கருத்துச் சொல்வீர்கள். அதையெல்லாம் உங்களுக்குள் பேசி முடித்து, ஒருவர் மட்டும், ஒரே செய்தியாகத் தொகுத்து அனுப்புங்கள்.

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்காக ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் செய்த அனுபவம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. காலையில் முதலாளி ஒரு திருத்தம் சொல்வார், மதியம் அவர் தம்பி அதை மாற்றச் சொல்வார், இரவில் முதலாளியின் மகள் இரண்டையும் நீக்கச் சொல்வார். பதினொன்றாவது தடவை மாற்றியபோது முதல் நாள் போட்ட டிசைனுக்கே வந்து சேர்ந்தோம். "கடைசியில பழசைத்தானே வச்சோம், இதுக்கு எதுக்கு முழுப் பணம்" என்று பேசிய தொகையில் பாதியைக் கொடுத்து அனுப்பினார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, நான் கேட்க முடியவில்லை. அந்த மாதம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினேன்.

முன்பணம் கேட்பதைச் சிலர் அவநம்பிக்கை என்று நினைக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ராயபுரத்தில் கடைப்பலகை எழுதும் ஓவியர்கள் வேலை பேசி முடித்த உடனே பெயிண்ட் வாங்கக் காசு வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை, ஏனென்றால் பெயிண்ட் டப்பா கண்ணுக்குத் தெரிந்தது. ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அடித்துப்போட்ட பிறகு, டிசைனருக்குச் செலவே இல்லை, கம்ப்யூட்டரில் தட்டினால் வந்துவிடும் என்ற எண்ணம் பரவிவிட்டது. அவருடைய பெயிண்ட் அவர் நேரம். ஆகவே 18,000இல் பாதியை, 9,000 ரூபாயை, முதல் நாளே கொடுங்கள். லோகோவும் முதல் லேபிளும் உங்களுக்குப் பிடித்து முடிவானதும் 5,400. மூல ஃபைல்களைக் கையில் வாங்கும்போது 3,600. நடுவில் நீங்கள் வேலையை நிறுத்தினால் அதுவரை கொடுத்தது அவருடையது. அவர் பாதியில் விட்டுவிட்டுப் போனால் செய்யாத பகுதிக்கான முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும்.

உரிமை பற்றி ஒரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் கொடுத்துவிட்டோம், லோகோ நம்முடையது என்று எல்லோரும் நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாத ஒருவர் வரைந்து கொடுத்ததற்கு, வேறு ஏற்பாடு இல்லாதவரை முதல் உரிமையாளர் வரைந்தவரே என்பதுதான் பொது விதி. புகைப்படம், உருவப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உரிமை உங்களுக்கு மாற வேண்டுமானால், அது எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டத்தின் 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். நாளைக்கு உங்கள் தொக்கு சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போகலாம். ஆகவே, லோகோ, லேபிள்கள் ஆகியவற்றின் முழுப் பதிப்புரிமையையும், உரிமைக்காலம் முழுமைக்கும், உலகெங்கும், முழுத் தொகையும் கிடைத்தவுடன் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன் என்று அவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழுத் தொகையும் கிடைத்தவுடன் என்ற சொற்கள் அவருக்கான பாதுகாப்பு. அவற்றை நீங்களே முன்வந்து சேர்த்தால் அவருக்கு உங்கள்மேல் வரும் மரியாதையே வேறு. வேலையைத் தன் தொகுப்பில் காட்டிக்கொள்ளவும் அவருக்கு அனுமதி கொடுங்கள். வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் அவரிடமே இருக்கிறது.

அவர் கொடுப்பது அவருடைய சொந்த வேலைதானா என்பதையும் எழுதி வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த மீன் படத்தை எடுத்து லோகோ என்று கொடுத்தால், அதே மீன் எண்ணூரில் இன்னொருவர் பாட்டிலிலும் நீந்தும். கேன்வா போன்ற தளங்களின் ஆயத்த லோகோ மாதிரிகளை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள அந்தத் தளத்தின் விதிகளே இடம் தருவதில்லை. கிண்டியில் உள்ள வணிகச் சின்னப் பதிவகத்தில் பிற்பாடு பதிவு செய்ய நினைத்தால், இது அப்போது வந்து நிற்கும். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படம் எதையாவது பயன்படுத்தினால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துருவுக்கும் இதே கவனம் வேண்டும்: முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, நோட்டோ தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். விலைக்கு விற்கும் எழுத்துருவைத் திருட்டுப் பிரதியில் போட்டால் பொருளை விற்கும் உங்களுக்கும் வம்புதான்.

வரி விஷயம் சுருக்கமாக. அவருடைய ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவராக இருந்தால், அவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது, 18 சதவீதம் சேர்த்துக் கேட்டால் பதிவு எண் உள்ள பில் கேளுங்கள். தனிநபர் வியாபாரியான உங்களுடைய விற்பனை முந்தைய ஆண்டில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டாதவரை, அவர் கூலியிலிருந்து வருமான வரிக்காக முன்கூட்டியே டி.டி.எஸ். பிடிக்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கொடுத்து, ஒரு பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிய தேதியில் பணம் கொடுப்பது பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே தவறியிருக்கிறேன். கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த ஒரு பெண், கேட்டலாக் ஒன்றை இரவு பகலாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். என் வாடிக்கையாளர் எனக்குப் பணம் தரத் தாமதித்தார் என்பதைக் காரணமாக்கி அவருக்கு நான்கு மாதம் இழுத்தடித்தேன். அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு தேர்வை எழுதாமல் விட்டார் என்று பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு வரவேண்டிய பணம் என் கவலை. அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. டிசைனர், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்த குறுந்தொழில் முனைவோராக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுத்தில் எவ்வளவு நாள் தவணை போட்டிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குமேல் இழுக்க முடியாது. தவணை ஒன்றும் எழுதாவிட்டால் 15 நாள்தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக ஏறும். உங்கள் தம்பி உத்யம் பதிவு செய்யாதவராக இருந்தால், செய்துகொள்ளச் சொல்லுங்கள். இணையத்தில் ஆதாரைக் கொண்டு கட்டணமில்லாமல் முடிகிற வேலை அது. உங்களுக்கு எதிராகவே பயன்படக்கூடிய ஒன்றைச் செய்துகொள்ளச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். பெரிய கடைகளிடம் மாட்டிக்கொள்ளும்போது அவருக்கு அது உதவும்.

நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும், கேள்வியில் "வியாசர்பாடிப் பையன்தானே, குறைச்சுக் கேட்கலாமென்று வீட்டில் சொல்கிறார்கள்" என்ற வரி இருந்தது. இந்தப் பேச்சை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். இதே வேலையை நுங்கம்பாக்கத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஒருவர் செய்தால் 18,000ஐப்போலச் சில மடங்கு கேட்பார், அங்கே போய் யாரும் பேரம் பேசுவதில்லை. மென்பொருள் சந்தா வியாசர்பாடிக்கு ஒரு விலை, அடையாறுக்கு ஒரு விலை என்று இல்லை. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும், மின்சாரம் போனதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீடு தேடி ஓடிப்போயும் சொன்ன தேதிக்கு ஃபைல் அனுப்பிய பையன்களையும் பெண்களையும் நான் அறிவேன். நம் மீனுக்கு வெளியூர்க்காரர்கள் அடிமாட்டு விலை கேட்டால் நமக்கு எப்படிக் கொதிக்கிறதோ, அப்படித்தான் அவருக்கும் இருக்கும். உங்கள் வீட்டாரிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள். மீன் ஏலத்தில் நின்றவர்களுக்குப் புரியும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது மூன்று காலி பாட்டில்களையும், மூன்று வகையிலும் நிரப்பிய பாட்டில் ஒவ்வொன்றையும், இப்போது ஒட்டிக்கொண்டிருக்கும் கையெழுத்து லேபிளையும் எடுத்துப் போங்கள். கொஞ்சம் சோறும் கொண்டுபோய் அவரைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்து லேபிளை அவர் உடனே தூக்கிப் போடாமல், யார் எழுதியது என்று கேட்டால், 9,000 ரூபாயை அன்றைக்கே அனுப்பிவிடலாம்.